வாசகர் கேள்வி – பதில்: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கருவிகள் எதைக் காட்டுகின்றன, எதை விடுகின்றன?

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி இம்முறை கேள்விகள் மிகுதியாக வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, விரிவு தேவைப்படும் இடத்தில் விரிவாகவும் மற்ற இடங்களில் சுருக்கமாகவும் பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி: சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து தேங்காய் ஓட்டுக் கரியைக் கொண்டு சாயத்தை நீக்குவது பற்றி ஆய்வு செய்கிறேன். முன்னாய்வுகளைப் பட்டியலிடும்படி சாட்ஜிபிடியைக் கேட்டபோது, ஆசிரியர் பெயர், ஆய்விதழ், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றுடன் ஒரு பட்டியல் கிடைத்தது. அதில் உள்ள சில கட்டுரைகள் எங்குத் தேடியும் அகப்படவில்லை. அப்படிப்பட்ட கட்டுரைகளே இல்லை என்கிறார் என் நெறியாளர். இல்லாத கட்டுரையை ஒரு கருவி எப்படித் தர முடியும்? (பொறியியல் ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் நெறியாளர் சொல்வது சரியே. தேடல் வசதி இணைக்கப்படாத நிலையில், சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாதிரி எந்தப் பட்டியலையும் திறந்து பார்ப்பதில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து கற்றுக்கொண்ட அமைப்பு அது. துணைநூற் பட்டியல் என்பது மிகக் கட்டுக்கோப்பான வடிவம் கொண்டது: பெயர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம் என்று எப்போதும் ஒரே வரிசையில் வரும். அந்த வடிவத்தை மாதிரி நன்றாகக் கற்றிருக்கிறது. உங்கள் துறையில் அடிக்கடி எழுதுபவர்களின் பெயர்களும், அத்துறைக் கட்டுரைகள் வரும் இதழ்களின் பெயர்களும் அதற்குத் தெரியும். இவற்றை இணைத்து, இருந்திருக்கக்கூடிய ஒரு கட்டுரையை அது எழுதிவிடுகிறது. நன்கு அறியப்பட்ட, பலமுறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையாக இருந்தால் விடை பெரும்பாலும் சரியாக அமையும். நுணுக்கமான தலைப்புக்குள் செல்லச் செல்லப் புனைவு கூடும்.

இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2023 செப்டம்பரில் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளிவந்தது. 42 தலைப்புகளில் சாட்ஜிபிடியைக் கட்டுரைகள் எழுதச் செய்து, அவற்றில் இருந்த 636 மேற்கோள்களைச் சரிபார்த்தார்கள். சாட்ஜிபிடியின் பழைய மாதிரியான ஜிபிடி-3.5 தந்தவற்றில் 55 விழுக்காடும், அதற்குப் பின் வந்த ஜிபிடி-4 தந்தவற்றில் 18 விழுக்காடும் இல்லாத கட்டுரைகள். என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதே ஆய்வின் மற்றொரு கண்டுபிடிப்பு: உண்மையில் உள்ள கட்டுரைகளைச் சுட்டிய மேற்கோள்களிலும் முறையே 43, 24 விழுக்காட்டில் ஆண்டு, தொகுதி, ஆசிரியர் போன்ற விவரங்கள் பிழையாக இருந்தன. இல்லாத கட்டுரையை உங்கள் நெறியாளர் கண்டுபிடித்துவிடுவார். உள்ள கட்டுரையின் தவறான விவரமோ ஆய்வேடு அச்சாகிப் பிணைக்கப்படும் வரை யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

அதன் பிறகு வந்த மாதிரிகளில் இணையத் தேடலும் இணைந்திருப்பதால் இத்தவறு குறைந்திருக்கிறது, நீங்கவில்லை. ஆகவே ஒவ்வொரு மேற்கோளுக்கும் உரிய டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாளம்) பதிப்பாளரின் பக்கம் வரை தொடர்ந்து சென்று, அங்குள்ள தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் திறக்கிறது என்பது மட்டும் போதாது. உண்மையான எண் ஒன்று வேறொரு கட்டுரைக்கு உரியதாக இருப்பதும் உண்டு. எண் இல்லாத பழைய கட்டுரை என்றால் டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் தளத்திலோ கூகுள் ஸ்காலரிலோ தலைப்பை முழுமையாக இட்டுத் தேடுங்கள்.

கேள்வி: எலிசிட், கன்சென்சஸ், செமாண்டிக் ஸ்காலர், ஸ்கோபஸ் ஏஐ என்று நாளுக்கொரு கருவி வருகிறது. எது சிறந்தது? இவை சாட்ஜிபிடியிலிருந்து எவ்வகையில் வேறுபடுகின்றன? (சமூகவியல் ஆய்வாளர், புதுச்சேரி)

பதில்: ‘எது சிறந்தது’ என்பதற்கு முன்பு ‘அதன் அடியில் எந்தத் தரவுத்தளம் இருக்கிறது’ என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேலே தெரியும் உரையாடல் பெட்டி எவ்வளவு அழகாகப் பேசினாலும், அடியில் இல்லாத கட்டுரையை அது காட்டப்போவதில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2015இல் தொடங்கியது செமாண்டிக் ஸ்காலர். முதலில் கணினி அறிவியல் கட்டுரைகளை மட்டும் கொண்டிருந்த அத்தளத்தில் இன்று எல்லாத் துறைகளையும் சேர்ந்த 20 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் உள்ளன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் கல்வித் தரவுத்தளத்தை 2021 இறுதியில் மூடியபோது, அந்த இடத்தை நிரப்ப அவர்ரிசர்ச் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2022 ஜனவரியில் தொடங்கியது ஓப்பன்அலெக்ஸ். எலிசிட், கன்சென்சஸ் போன்ற கருவிகள் பெருமளவில் இத்தகைய திறந்த தொகுப்புகளின் மேல்தான் நிற்கின்றன. இதனால் ஒரு முக்கியமான விளைவு உண்டு. ஒரே கேள்வியை மூன்று கருவிகளிடம் கேட்டு, மூன்றும் ஒரே கட்டுரையைக் காட்டினால், மூன்று சாட்சிகள் ஒத்துக்கூறியதாகப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரே சாட்சி மூன்று முறை பேசியிருக்கலாம். ஸ்கோபஸ் ஏஐ இதிலிருந்து வேறுபட்டது. எல்சேவியர் நிறுவனம் 2024 ஜனவரியில் வெளியிட்ட அக்கருவி, ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் உள்ள ஆய்வுச் சுருக்கங்களுக்குள் தேடுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்விதழ்கள் என்பது அதன் வலிமை. தேர்ந்தெடுக்கப்படாதவை வெளியே நின்றுவிடுகின்றன என்பது அதன் குறை. சமூகவியலில் நூல்களும் அறிக்கைகளும் வட்டார ஆய்விதழ்களும் பெரும் பங்கு வகிப்பதால் இந்தக் குறை உங்களுக்குப் பெரிதாகவே இருக்கும்.

இக்கருவிகள் தேடும் முறையைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. பழைய முறைத் தேடல், நீங்கள் இட்ட சொல் கட்டுரையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. புதிய முறையில் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றப்படுகின்றன. பொருளில் நெருங்கியவை எண்களிலும் நெருங்கி நிற்கும்படி அந்த மாற்றம் பயிற்றுவிக்கப்படுகிறது. உங்கள் கேள்வியும் அவ்வாறே எண் வரிசையாகி, அதற்கு அருகில் உள்ள கட்டுரைகள் எடுக்கப்படுகின்றன. பிறகு அந்தக் கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டும் முன்வைத்து, அவற்றிலிருந்து விடை எழுதும்படி ஒரு மொழி மாதிரி பணிக்கப்படுகிறது. எனவே இங்கே கட்டுரைகள் பெரும்பாலும் உண்மையானவை. பிழை வரும் இடம் மாறுகிறது: கட்டுரை உண்மையாக இருக்கும், அது சொல்லாத ஒன்றை அது சொன்னதாக விடை கூறும்.

பொருள்வழித் தேடலின் பயன் பெரியது. ‘கைம்பெண்கள் நிலவுடைமை’ என்று கேட்டால், அச்சொற்களே இல்லாமல் வாரிசுரிமை, பாலினச் சொத்துரிமை என்று எழுதப்பட்ட கட்டுரைகளும் வரும். துறைக்குப் புதியவர்களுக்கு, அத்துறையினர் பயன்படுத்தும் கலைச்சொற்களைக் கற்றுக்கொள்ள இதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் இம்முறையில் வெறுமையான விடை என்பதே ஏறக்குறைய இல்லை. திறவுச்சொல் தேடலில் ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தால், அதுவே ஒரு செய்தி: சொல் தவறு, அல்லது ஆய்வு நடக்கவில்லை. பொருள்வழித் தேடலோ அருகில் எது இருக்கிறதோ அதை எடுத்துத் தந்துவிடும். நீங்கள் கேட்ட பொருளில் ஆய்வே நடந்திருக்காது, ஆனால் பத்துக் கட்டுரைகள் வரிசையாக வந்து நிற்கும். ஆய்வு இடைவெளியைக் கண்டறிய வேண்டியவர் இதனால் ஏமாறக்கூடும்.

மேலும், பல ஆய்விதழ்கள் சந்தாச் சுவருக்குப் பின்னால் இருப்பதால் இக்கருவிகள் பெரும்பாலான கட்டுரைகளின் சுருக்கத்தையே படிக்கின்றன. சமூகவியல் கட்டுரையில் களம் எது, யாரிடம் பேசினார்கள், எவ்வாறு தேர்ந்தெடுத்தார்கள் என்பவை உள்ளே இருக்கும். சுருக்கம் முடிவை மட்டும் உரக்கச் சொல்லும். பொருள்வழிக் கருவியில் தொடங்கிக் கலைச்சொற்களைத் திரட்டிக்கொண்டு, அச்சொற்களுடன் ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் போன்ற தளங்களில் நேரடியாகத் தேடி, கிடைத்த முக்கியக் கட்டுரைகளின் துணைநூற் பட்டியலைப் பின்னோக்கியும் அவற்றை மேற்கோள் காட்டியவர்களை முன்னோக்கியும் பார்த்துச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். மேற்கோள்களைத் தொடர்ந்து முன்னோக்கிச் செல்லும் இந்த வழியைப் பெரிய அளவில் சாத்தியமாக்கியது, யூஜின் கார்ஃபீல்டு 1964இல் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வழிவந்ததுதான். அறுபது ஆண்டுகள் கடந்தும் அவ்வழியின் பயன் குறையவில்லை.

கேள்வி: நீரிழிவு உள்ளவர்களிடம் காசநோய் சிகிச்சையின் விளைவுகள் பற்றி ஒரு முறைசார் மீளாய்வு செய்யத் திட்டமிட்டுள்ளோம். பப்மெட்டில் நீண்ட தேடல் வாய்பாடு எழுதுவதற்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடமே கேட்டுவிடலாமா? (மருத்துவக் கல்லூரி உதவிப் பேராசிரியர், தஞ்சாவூர்)

பதில்: பதிலாகக் கொள்ள இயலாது, துணையாகக் கொள்ளலாம். முறைசார் மீளாய்வின் நோக்கம் சிறந்த சில கட்டுரைகளைக் காண்பதன்று, தகுதியுள்ள அனைத்தையும் காண்பது. பயன் இல்லை என்று முடிவு கண்ட இரண்டு சிறிய ஆய்வுகள் விடுபட்டால்கூட, தொகுத்த விளைவின் அளவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதை நம்பி எழுதப்படும் வழிகாட்டுதல் நோயாளியின் படுக்கை வரை செல்லும். உரையாடல் கருவிகளோ முதன்மையான சிலவற்றைத் தருவதற்காக வடிவமைக்கப்பட்டவை. எத்தனை கட்டுரைகளைப் பார்த்துவிட்டு இவற்றை எடுத்தன என்ற கணக்கைப் பெரும்பாலும் அவை தருவதில்லை.

பப்மெட்டின் அடித்தளத்தைச் சற்று நினைவூட்ட விரும்புகிறேன். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1996இல் தொடங்கி, 1997இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட இத்தளத்தில் இன்று 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அதன் உயிர்நாடி, 1960இல் அறிமுகமான ‘மெஷ்’ என்னும் மருத்துவப் பொருள் தலைப்புகளின் கட்டமைப்பு. ஆசிரியர் ‘டியூபர்குலோசிஸ்’ என்று எழுதியிருந்தாலும், ‘டிபி’ என்று எழுதியிருந்தாலும், பழைய கட்டுரைகளில் உள்ளபடி ‘தைசிஸ்’ என்று எழுதியிருந்தாலும், அட்டவணைப்படுத்தப்பட்ட கட்டுரை ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடுகிறது. ஒரு பெருந்தலைப்பைத் தேர்ந்தால் அதன் உட்பிரிவுகளும் தாமாகவே சேர்கின்றன. ஆனால் மிகப் புதிய கட்டுரைகளுக்கு மெஷ் தலைப்பு இன்னும் இடப்பட்டிருக்காது. பப்மெட்டுக்குள் தேர்ந்தெடுத்த இதழ்களைக் கொண்ட மெட்லைன் பகுதியில் சேராத இதழ்களின் கட்டுரைகளுக்கு அது வராமலே போகலாம். அதனால்தான் மெஷ் தலைப்பையும், தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சாதாரணச் சொற்களையும் ‘ஆர்’ (அல்லது) கொண்டு சேர்த்து, காசநோய்த் தொகுதியையும் நீரிழிவுத் தொகுதியையும் ‘அண்ட்’ (மற்றும்) கொண்டு பிணைத்து எழுதுகிறோம். நீண்ட வாய்பாட்டின் ஒவ்வொரு சொல்லும் விடுபட இருந்த ஏதோ ஒரு கட்டுரையை உள்ளே இழுப்பதற்காகவே அங்கு நிற்கிறது.

செயற்கை நுண்ணறிவு பப்மெட்டுக்குள் ஏற்கெனவே வேலை செய்து வருகிறது. 2020இல் வந்த புதிய வடிவில் முடிவுகளை இயல்பாக வரிசைப்படுத்துவது இயந்திரக் கற்றல் முறை ஒன்றுதான். 2022 ஏப்ரல் முதல் மெஷ் தலைப்புகளை இடும் பணியும் தானியங்கி முறைக்கு மாறி, தேவையான இடங்களில் மட்டும் மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். முதலாவது உங்களைப் பாதிக்காது, ஏனெனில் நீங்கள் முழுத் தொகுப்பையும் தரவிறக்கம் செய்யப்போகிறீர்கள். இரண்டாவது, சாதாரணச் சொற்களையும் வாய்பாட்டில் சேர்ப்பதற்குக் கூடுதல் காரணம் ஆகிறது.

வாய்பாட்டையே சாட்ஜிபிடியை எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2023இல் சோதித்தார்கள். அது எழுதிய வாய்பாடுகள் பொருத்தமான கட்டுரைகளைச் செறிவாகக் கொண்டுவந்தன. ஆனால் கிடைத்திருக்க வேண்டியவற்றில் பலவற்றைத் தவறவிட்டன. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வாய்பாடு வந்தது. விரைந்து சில கட்டுரைகள் தேவைப்படுபவருக்கு அது பயன்படும், உங்களுக்குப் பயன்படாது. மேலும் அது தரும் மெஷ் தலைப்புகள் உண்மையில் உள்ளனவா என்பதை ஒவ்வொன்றாக மெஷ் பட்டியலில் பார்த்தாக வேண்டும். ஒத்தசொற்களை நினைவூட்டச் சொல்வது, எழுதி முடித்த வாய்பாட்டில் அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது போன்றவற்றுக்கு அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

தேடலை மீளச் செய்து காட்ட முடிய வேண்டும் என்பதும் உங்கள் கடமை. முறைசார் மீளாய்வுகளை எழுதுவதற்கான பிரிஸ்மா 2020 அறிக்கை நெறி, தேடிய ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் உரிய முழு வாய்பாட்டையும், கடைசியாகத் தேடிய நாளையும் வெளியிடும்படி கோருகிறது. உரையாடல் கருவியிடம் இன்று கேட்டதையே அடுத்த மாதம் கேட்டால் அதே பட்டியல் வரும் என்று உறுதி கூற முடியாதபோது, அதை முதன்மைத் தேடலாக எப்படிப் பதிவு செய்வீர்கள்?

இக்கருவிகள் உண்மையில் உழைப்பைக் குறைக்கும் இடம் தேடலுக்கு அடுத்த கட்டம். சில ஆயிரம் தலைப்புகளும் சுருக்கங்களும் கையில் சேர்ந்த பிறகு, அவற்றைச் சலித்தெடுக்க நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உருவான, இலவசமான திறமூல மென்பொருள் ஏஎஸ்ரிவ்யூ உதவுகிறது. நீங்கள் சிலவற்றைப் ‘பொருத்தம்’, ‘பொருத்தமில்லை’ என்று குறிக்கக் குறிக்க, எஞ்சியவற்றில் பொருந்தக்கூடியவற்றை அது முன்னுக்குக் கொண்டுவரும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் கடினமான முடிவு. அதற்கான விதியைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். களைப்பு வந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு காரணம் தேடக் கூடாது. இன்னொரு பாதுகாப்பும் உண்டு. தகுதியுள்ளவை என்று உங்களுக்கு முன்பே தெரிந்த சில ஆய்வுகளைத் தனியே வைத்துக்கொண்டு, வாய்பாடு அவை எல்லாவற்றையும் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டாலும் வாய்பாட்டைத் திருத்துங்கள். உங்கள் கல்லூரி நூலகரைத் தொடக்கத்திலேயே ஆய்வுக் குழுவில் சேர்த்துக்கொள்வதும் நல்லது.

கேள்வி: சங்க இலக்கியத்தில் நெய்தல் திணை பற்றிய முன்னாய்வுகளை இக்கருவிகளில் தேடினால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சில கட்டுரைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழில் இவ்வளவு ஆய்வு நடந்தும் ஏன் எதுவும் வருவதில்லை? (தமிழ்த் துறை ஆய்வு மாணவி, மதுரை)

பதில்: இக்கேள்வியை நீங்கள் எழுப்பியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் துறையில் ஆய்வு இல்லாததால் அல்ல, இருக்கும் ஆய்வு இயந்திரம் படிக்கக்கூடிய வடிவில் இல்லாததால் நேரும் குறை இது. காரணங்கள் பல அடுக்குகளாக உள்ளன.

முதலாவது, எழுத்துரு. ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன்பும், பரவிய பின்பு நீண்ட காலமும், நம் ஆய்வேடுகளும் இதழ்களும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றதே 2010இல்தான். பழைய எழுத்துருவில் திரையில் ‘அம்மா’ என்று தெரிவது, கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த பொருளற்ற சரமாகவே சேமிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது குப்பை. இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆய்வேடுகள் உள்ளன. அவற்றுள் தமிழ் ஆய்வேடுகள் பலவும் இவ்வாறான எழுத்துருவிலோ, வெறும் பக்கப் படங்களாகவோ இருக்கின்றன. தேடக்கூடிய எழுத்தாக மாற்றப்படாத வரை, எந்தத் தேடல் கருவியாலும் அவற்றுக்குள் இருக்கும் நெய்தலைக் காண முடியாது.

இரண்டாவது, மேற்கோள் வலை. ஒரு கட்டுரையிலிருந்து தொடர்புடைய கட்டுரைகளுக்குக் கோடு இழுத்துக் காட்டும் கனெக்டட் பேப்பர்ஸ், லிட்மேப்ஸ் போன்ற கருவிகள், எந்தக் கட்டுரை எதை மேற்கோள் காட்டியது என்ற தரவைக் கொண்டே இயங்குகின்றன. நம் தமிழ் ஆய்விதழ்களில் மிகப் பலவற்றுக்கு டிஓஐ எண் கிடையாது. துணைநூற் பட்டியல் எந்தத் தரவுத்தளத்திலும் பதிவாவதில்லை. ஆகவே ஒரு பேராசிரியரின் கட்டுரையை நூறு தமிழ் ஆய்வேடுகள் மேற்கோள் காட்டியிருந்தாலும், கருவியின் கணக்கில் அது பூச்சியமே.

மூன்றாவது, ஆங்கில எழுத்துக்கூட்டல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றுவோர் ‘சங்கம்’ என்பதை ‘சி’ எழுத்தில் தொடங்குவார்கள், மற்றவர்கள் ‘எஸ்’ எழுத்தில் தொடங்குவார்கள். ‘திணை’யை ஒருவர் ‘டி’ மட்டும் இட்டும், மற்றொருவர் அதனுடன் ‘எச்’ சேர்த்தும் எழுதுவார். ஒரு வடிவை மட்டும் தேடினால் ஒரு மரபைச் சேர்ந்தவர்களின் ஆய்வே கிடைக்கும். எல்லா வடிவங்களையும் ‘ஆர்’ இட்டுத் தேடுங்கள். உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சில கட்டுரைகளின் எண்ணிக்கை உடனே கூடக் காண்பீர்கள்.

இவற்றுக்கு அப்பால், நீங்கள் நேரடியாகச் செல்ல வேண்டிய இடங்கள் உண்டு. சோத்கங்காவில் தலைப்பு, துறை, பல்கலைக்கழகம் வாரியாக வரிசையைத் திறந்து பாருங்கள். உள்ளே தேட முடியாத ஆய்வேட்டின் தலைப்பையாவது அங்குக் காணலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் பட்டியல்களைத் தனித்தனியே பாருங்கள். பழைய கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளை நூலகத்தில் கையால் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நெய்தல் பற்றிய நல்ல கட்டுரைகள் பல அங்குதான் இருக்கின்றன. உங்கள் ஆய்வேட்டை ஒருங்குறியில் தட்டச்சு செய்து, ஆங்கிலச் சுருக்கமும் துணைநூற் பட்டியலும் தேடக்கூடிய வடிவில் இருக்கும்படி பதிவேற்றுங்கள். தமிழ் ஆய்விதழ் நடத்துவோரிடம் இதைவிட வலுவாக வேண்டிக்கொள்வேன்: டிஓஐ பெறுவதற்கான செலவை வீண் செலவாக எண்ண வேண்டாம். தரவுத்தளத்தில் இல்லாத ஆய்வை, நாளை இக்கருவிகளை மட்டும் நம்பி எழுதுபவர்கள், நடக்காத ஆய்வு என்றே எழுதிவிடுவார்கள்.

கேள்வி: என் கட்டுரைகள் கூகுள் ஸ்காலரிலும் ஸ்கோபஸிலும் இரண்டு மூன்று வெவ்வேறு நபர்களின் பெயரில் சிதறிக் கிடக்கின்றன. இதைச் சரிசெய்ய முடியுமா? (இயற்பியல் பேராசிரியர், திருநெல்வேலி)

பதில்: முடியும். குடும்பப் பெயர் உண்டு என்று எண்ணி அமைக்கப்பட்ட தரவுத்தளங்கள், நம் தலைப்பெழுத்து முறையைக் கண்டு தடுமாறுகின்றன. ஒரு கட்டுரையில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகவும், மற்றொன்றில் உங்கள் இயற்பெயரே குடும்பப் பெயராகவும் பதிவாகும். ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும், 2012 முதல் இயங்கும் ஆர்கிட் அமைப்பில் 16 இலக்க எண்ணை இலவசமாகப் பெற்று, எல்லாக் கட்டுரைகளையும் அதனுடன் இணையுங்கள். ஸ்கோபஸில் சிதறிய பதிவுகளை ஒன்றாக்கும்படி அத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இனி எழுதும் கட்டுரைகளில் பெயரை ஒரே வடிவில் தாருங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி சிறியது. ஸ்கோபஸுக்கோ கட்டணக் கருவிகளுக்கோ பணம் இல்லை. மாணவர்களுக்கு என்ன சொல்வது? (அரசு கலைக் கல்லூரி நூலகர், தருமபுரி)

பதில்: முதலில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் உங்கள் கல்லூரி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் படிக்கலாம். கருவிக்குப் பணம் இல்லை என்பதைவிடக் கட்டுரையைத் திறந்து படிக்க வழியில்லை என்பதே சிறிய கல்லூரிகளின் பெரிய தடையாக இருந்தது. அது இப்போது பெருமளவு விலகியிருக்கிறது. தேடுவதற்குக் கூகுள் ஸ்காலர், செமாண்டிக் ஸ்காலர், ஓப்பன்அலெக்ஸ், பப்மெட் ஆகிய நான்கும் இலவசம். கட்டுரையின் இலவசப் பிரதி சட்டப்படி எங்கேனும் இருந்தால் காட்டும் அன்பேவால், மேற்கோள்களைச் சேமிக்கும் ஜொடேரோ ஆகியவற்றையும் நூலகக் கணினிகளில் நிறுவி வைக்கலாம்.

கேள்வி: ஆய்விதழால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை இக்கருவிகள் அடையாளம் காட்டுமா? (உயிர்வேதியியல் ஆய்வு மாணவி, வேலூர்)

பதில்: எப்போதும் காட்டும் என்று நம்பக் கூடாது. கொரோனா சிகிச்சையில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி 2020 மே 22 அன்று ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த கட்டுரை, அதன் தரவைச் சரிபார்க்க இயலாததால் ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. உலகமே அறிந்த செய்தி அது. ஆயினும் அதன் பிறகும் அக்கட்டுரையை நம்பத்தக்க சான்றாக மேற்கோள் காட்டியவர்கள் இருந்தார்கள். அதிக மேற்கோள் பெற்றதை முன்னிறுத்தும் கருவி, இத்தகைய கட்டுரையை மேலேயே வைக்கக்கூடும். ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ என்னும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தைக் கிராஸ்ரெஃப் 2023 செப்டம்பரில் பெற்று எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஜொடேரோ அதனுடன் ஒப்பிட்டு, உங்கள் சேமிப்பில் அத்தகைய கட்டுரை இருந்தால் சிவப்புக் குறியுடன் எச்சரிக்கும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் மீண்டும் ஒருமுறை பாருங்கள்; நீங்கள் எழுதத் தொடங்கிய பிறகு திரும்பப் பெறப்பட்டவையும் இருக்கலாம்.

கேள்வி: மதிப்பீட்டுக்காக எனக்கு வந்த கட்டுரையை இக்கருவியில் ஏற்றி, இதற்கு முன் யாரேனும் இதைச் செய்திருக்கிறார்களா என்று தேடலாமா? (வேதியியல் இணைப் பேராசிரியர், சேலம்)

பதில்: கூடாது. அச்சாகாத கட்டுரை இன்னொருவர் உங்களை நம்பி ஒப்படைத்த பொருள். அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு நிறுவனங்கள், தம் மதிப்பீட்டாளர்கள் ஆய்வு விண்ணப்பங்களை இத்தகைய கருவிகளில் ஏற்றுவதை 2023 ஜூனிலேயே தடை செய்தன. கட்டுரையின் எந்தப் பகுதியையும் ஏற்றாமல், பொதுவான கலைச்சொற்களை மட்டும் இட்டு நீங்களே தேடுவதில் தவறில்லை.

கேள்வி: கருவி தரும் சுருக்கங்களை மட்டும் படித்து முன்னாய்வு இயலை எழுதினால் என்ன தவறு? எல்லாக் கட்டுரைகளையும் முழுமையாகப் படிக்க நேரம் இருப்பதில்லை. (நுண்ணுயிரியல் முதுகலை மாணவர், சென்னை)

பதில்: எல்லாவற்றையும் முழுமையாகப் படிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அது யாராலும் இயலாது. எதைப் படிப்பது என்று முடிவு செய்யச் சுருக்கம் போதும். எதை மேற்கோள் காட்டுகிறீர்களோ அதைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். உங்கள் துறையிலிருந்தே ஒரு செய்தி சொல்கிறேன். ‘வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி’ என்ற சொற்றொடர் அண்மைக் காலத்தில் பல ஆய்வுக் கட்டுரைகளில் காணப்பட்டது. அப்படி ஒரு முறையே கிடையாது. 1950களில் இரண்டு பத்திகளாக அச்சான நுண்ணுயிரியல் கட்டுரை ஒன்று கணினிக்கு மாற்றப்பட்டபோது, இடப் பத்தியில் இருந்த ஒரு சொல்லும் வலப் பத்தியில் இருந்த வேறு சொற்களும் ஒட்டிக்கொண்டன. பாரசீகத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது நேர்ந்த பிழையும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அச்சொற்றொடரை மொழி மாதிரிகளும் கற்றுக்கொண்டு திருப்பிச் சொல்லத் தொடங்கின. எழுதியவர், மதிப்பிட்டவர், பதிப்பித்தவர் என ஒவ்வொரு கட்டத்திலும் படித்திருக்க வேண்டியவர்கள் படிக்காததாலேயே அது அச்சு வரை சென்றது.

நேரக் குறைவுக்கு ஒரு வழி சொல்கிறேன். மேற்கோள் காட்டப்போகும் ஒவ்வொரு கட்டுரையிலும் ஆய்வு முறைப் பகுதியையும் முக்கிய அட்டவணையையும் முதலில் படியுங்கள். பிறகு கருவி தந்த சுருக்கத்தை அதனுடன் ஒப்பிட்டு, அச்சுருக்கத்தின் ஒவ்வொரு கூற்றுக்கும் உரிய பக்க எண்ணை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பக்க எண் கிடைக்காத கூற்றை உங்கள் இயலில் சேர்க்காதீர்கள்.